கணக்கில் ஏறாத கோல்கள்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பேப்பர், பேனா எதுவும் வேண்டாம்.

ஒரு கால்பந்து மேட்ச் 90 நிமிடம். நாலு மேட்ச் என்றால் 360 நிமிடம். இந்த 360 நிமிடத்தில் ஒரு டீம் 70 கோல் வாங்குகிறது. திருப்பி ஒன்றுகூட அடிக்கவில்லை. எத்தனை நிமிடத்துக்கு ஒரு கோல்? ஐந்து நிமிடம், சொச்சம் விநாடி. நீங்கள் கடையில் ஒரு டீ சொல்லி, அது வந்து, ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் ஒன்று விழுந்திருக்கும். பாக்கிச் சில்லறை வாங்குவதற்குள் அடுத்தது.

பி.காம். படித்தவன் போடுகிற கற்பனைக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2003-ல் நிஜமாகவே நடந்தது. வாங்கிய டீமின் பெயர் சார்க்.

சார்க் என்றதும் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பும், மாநாட்டில் பிரதமர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் போட்டோவும் ஞாபகத்துக்கு வந்தால் தப்பு உங்கள் மேல் இல்லை. எனக்கும் அப்படித்தான் வந்தது. இது வேறு சார்க். ஆங்கிலக் கால்வாயில், இங்கிலாந்தைவிட பிரான்ஸுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு துளித் தீவு. பரப்பளவு சுமார் ஐந்தரைச் சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஐந்நூறு, அறுநூறு. நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் மொத்தத் தீவையும் இரண்டே பந்தியில் உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, தாம்பூலப் பையும் கொடுத்து அனுப்பிவிடலாம்.

இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கார் கிடையாது. சட்டப்படியே கிடையாது. சைக்கிள், குதிரை வண்டி, மிஞ்சிப்போனால் டிராக்டர். தெருவிளக்கும் கிடையாது. ராத்திரியானால் கும்மிருட்டு. அந்த இருட்டுக்காகவே 2011-ல் உலகத்தின் முதல் இருள்வானத் தீவு என்று சர்ட்டிஃபிகேட் வாங்கிவிட்டார்கள். நாம் கரண்ட் போனால் ஈ.பி. ஆபீஸுக்கு போன் போட்டுத் திட்டுகிற ஜாதி. நமக்குப் புரிவது கஷ்டம்.

1565-ல் முதலாம் எலிசபெத் ராணி இந்தத் தீவை ஹெலியர் டி கார்ட்டரே என்பவருக்குக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: எதிரி வந்தால் தடுக்க 40 ஆட்களைத் துப்பாக்கியோடு தயாராக வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து அங்கே ஒரு ஜமீன் பரம்பரை. வருடக் குத்தகை ஒரு பவுண்டு 79 பென்ஸ், நம்ம காசுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபாய். புறா வளர்க்கும் உரிமை ஜமீனுக்கு மட்டும்தான் என்றுகூட நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. பெட்டை நாய் வளர்ப்பதற்கும் அதேதான். ஆட்சி மன்ற உறுப்பினர்கள் எல்லாரையும் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் தேர்தல் 2008 டிசம்பரில்தான் நடந்தது. அதாவது நான் சொல்லப்போகும் மேட்ச்சுகள் நடந்தபோது அந்த ஊர் இன்னும் பாதி ஜமீன்.

1990-ல் ஒரு வேடிக்கை. வேலையில்லாத பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவர், கையில் துப்பாக்கியோடு தனி ஆளாக இந்தத் தீவைப் பிடிக்க வந்தார். 'நாளை மதியம் 12 மணிக்குத் தீவை என் வசம் எடுத்துக்கொள்கிறேன்' என்கிற அர்த்தத்தில் நோட்டீஸ் வேறு ஒட்டினார். மறுநாள் நேரம் ஆகட்டும் என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை, சம்பளம் இல்லாமல் சேவை செய்யும் உள்ளூர் கான்ஸ்டபிள் பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்து மடக்கிவிட்டார். போர் அத்தோடு முடிந்தது.

ஆக, தீவைக் காப்பதில் குறை சொல்ல முடியாத ஊர். கோல்போஸ்ட்டைக் காப்பதில்தான் சிக்கல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சின்னத் தீவுகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் விளையாட்டு விழா ஒன்று 1985 முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிறது. ஒலிம்பிக்கில் தனிக்கொடி கிடைக்காத ஊர்களுக்கு இதுதான் ஒலிம்பிக். 1989-லிருந்து கால்பந்தும் உண்டு. 2003-ல் விழா நடந்தது கெர்ன்ஸியில், சார்க்குக்குப் பக்கத்துத் தீவு. படகில் ஏறினால் முக்கால் மணி நேரம். சார்க் டீம் கிளம்பிவிட்டது.

அறுநூறு பேர். பாதியைப் பெண்கள் என்று கழியுங்கள். குழந்தைகள், தாத்தாக்கள், முட்டி வலிக்காரர்களையும் கழியுங்கள். ஓடக்கூடிய ஆண்பிள்ளை நூறு, நூற்றிருபது பேர் தேறினால் அதிகம். அதில் பதினொரு பேர், கூட மாற்று ஆட்கள். அவர்களில் எத்தனை பேர் இதற்கு முன்னால் ஒழுங்காகப் பந்தை உதைத்திருப்பார்கள்?

ஜிப்ரால்டர் 19, சார்க் 0. ஐல் ஆஃப் வைட் 20, சார்க் 0. கிரீன்லாந்து 16, சார்க் 0. மூன்று மேட்ச்சில் 55 கோல். அதற்கப்புறம் கடைசி இடம் யாருக்கு என்று பார்ப்பதற்கு ஃப்ரோயா என்ற நார்வேத் தீவோடு ஒரு மேட்ச். ஃப்ரோயா 15, சார்க் 0. இருப்பதிலேயே கடைசி மேட்ச்சில்தான் குறைவு என்று ஒரு முன்னேற்றம் வேண்டுமானால் காட்டலாம். இதே வேகத்தில் முன்னேறினால் எந்த விழாவில் ஜெயிப்பார்கள் என்று கிராஃப் போடுவதற்கு வழியில்லை. விழாவின் கால்பந்தில் அவர்கள் இறங்கியது அந்த ஒரு முறைதான்.

கோல் விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடித்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். கேமரா அவர்கள் பின்னால் போகும். வாங்கிய பக்கத்தில் ஒருவர் வலைக்குள் போய், குனிந்து, பந்தை எடுத்து நடுவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்கள் அங்கே போய் நிற்க வேண்டும். விசில் ஊதியதும் ஆட்டத்தை ஆரம்பித்து வைப்பதும் வாங்கிய டீம்தான். விதி அப்படி. கோல் வாங்கியவன்தான் 'சரி, வா' என்று மறுபடி தொடங்க வேண்டும். சார்க் ஆட்கள் அந்த ஒரு வாரத்தில் இதைக் கிட்டத்தட்ட எழுபது முறை செய்திருக்கிறார்கள்.

முதல் 19 எனக்கு ஆச்சரியமாக இல்லை. மாட்டிக்கொண்டார்கள், என்ன செய்வது. இரண்டாவது நாள் எப்படி வந்தார்கள்? அதுகூடப் போகட்டும், ரோஷம் என்று வைத்துக்கொள்ளலாம். 55 வாங்கிய பிறகு நாலாவது மேட்ச்சுக்கு காலையில் எழுந்து, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு எப்படி வந்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்சம் வெட்கமான காரணம்.

காலேஜில் டிபார்ட்மென்ட்டுகளுக்கு இடையே ஒரு கால்பந்துப் போட்டி வைத்தார்கள். எங்கள் காமர்ஸ் வகுப்பில் பந்து ஆடத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மீதி எட்டுப் பேர் ஹாஸ்டலில் சும்மா இருந்தவர்கள். கொஞ்சம் உயரமாக இருந்த பாவத்துக்கு என்னை கோல்கீப்பர் ஆக்கிவிட்டார்கள். முதல் மேட்ச்சில் கெமிஸ்ட்ரிக்காரர்கள் ஏழு போட்டார்கள். ஏழாவது என் இரண்டு காலுக்கும் நடுவில் மெதுவாக உருண்டு போனது. உள்ளே போகிறதே, போகிறதே என்று நானே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி நின்ற கூட்டம் சிரித்த சிரிப்பு, அதில் எங்கள் வருடத்துப் பெண்களும் இருந்தார்கள், இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் இரண்டாவது மேட்ச். எனக்கு வயிற்று வலி வந்துவிட்டது. எப்படிப்பட்ட வயிற்று வலி என்று நீங்கள் ஊகிக்கலாம். என் ரூம்மேட் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. கோல்கீப்பர் இடத்தில் நிற்க அவனே போனான். அவன் என்னைவிட அரை அடி குட்டை.

ஹாஸ்டல் ஜன்னலுக்குக் கீழே ஒரு சந்து, அதைத் தாண்டினால் கிரவுண்டு. மைதானம் தெரியாது, சத்தம் கேட்கும். போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். 'ஹோ' என்று ஒரு கூச்சல். ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'ஹோ'. எங்கள் பசங்கள் போட்ட கோலாக இருக்காதா என்று நினைத்துப் பார்த்தேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கே இல்லை. எட்டு கூச்சல் எண்ணினேன். எட்டு கோல். ராத்திரி அவன் முட்டியெல்லாம் சிராய்ப்போடு வந்தான். 'மெஸ்ஸில் இன்னிக்கு பூரியாம், வர்றியா?' என்றான். ஸ்கோரை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு மேட்ச் ஆட வேண்டிய போட்டியில் மீதி இரண்டுக்கும் அவன்தான் நின்றான். எனக்கு வயிறு சரியாகவே இல்லை.

சரி, என் கதை கிடக்கட்டும்.

அதிக கோல் வாங்கிய சாதனை யாருடையது என்று கேட்டால் எல்லாரும் அமெரிக்கன் சமோவா என்பார்கள். 2001 ஏப்ரல் 11, ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பர். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் 31-0. பாஸ்போர்ட் குழப்பத்தில் நிஜ டீம் ஆட முடியாமல் போய், கிடைத்த சின்னப் பையன்களோடு இறங்கியிருந்தார்கள். ஸ்கோர்போர்டில் 32 என்று காட்டிவிட்டார்கள். பிறகு நடுவரின் குறிப்பைச் சரிபார்த்து 31 என்று திருத்தினார்கள். ஒரே ஒரு கோலுக்கு எவ்வளவு அக்கறை, பாருங்கள்! காரணம் எளிது. அமெரிக்கன் சமோவா ஃபிஃபாவில் மெம்பர். அவர்கள் வாங்கும் கோல் கணக்குப் புத்தகத்தில் ஏறும்.

அன்றைக்கு கோல்போஸ்ட்டில் நின்றவர் நிக்கி சலாப்பு. பத்து வருடம் கழித்து, 2011 நவம்பரில், டோங்காவை 2-1 என்று ஜெயித்து அந்த டீம் ஃபிஃபா கணக்கில் தன் முதல் வெற்றியை எடுத்தபோதும் அவர்தான் நின்றார். அதை வைத்து 2014-ல் ஒரு டாகுமெண்டரி, 2023-ல் ஒரு சினிமா. அழுதுகொண்டேதான் பார்த்தேன், மறைக்கவில்லை. ஆனால் புத்தகத்தில் பெயர் இருந்ததால்தானே அந்தத் தோல்விக்கு ஒரு கதை கிடைத்தது? 2015 பசிபிக் விளையாட்டில் மைக்ரோனேஷியா என்ற தீவுக்கூட்டத்துப் பையன்கள் தஹிதியிடம் 30, ஃபிஜியிடம் 38, வனுவாட்டுவிடம் 46 வாங்கினார்கள். 31-ஐவிட 46 பெரியது என்று சொல்ல எந்த டிகிரியும் வேண்டாம். ஆனால் சாதனை இன்றும் 31-தான். மைக்ரோனேஷியா ஃபிஃபாவில் இல்லை. ஆடியதும் 23 வயதுக்குட்பட்டோர் டீம்.

அந்தப் புத்தகத்தில் யார் பெயர் ஏறும், யாருடையது ஏறாது என்று பார்த்தால் தலை சுற்றும். ஃபிஃபாவில் 211 மெம்பர்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு. ஐயாயிரம் பேர்கூட இல்லாத மான்ட்செராட் தீவுக்கும் ஓர் ஓட்டு, ஜெர்மனிக்கும் ஓர் ஓட்டு. 2023 முதல் 2026 வரையான நாலு வருடத்துக்கு ஒவ்வொரு மெம்பருக்கும் 80 லட்சம் டாலர் வரை வளர்ச்சி நிதி உண்டு. மான்ட்செராட் பிரிட்டனின் ஆளுகையில் இருக்கும் தீவு, தனி நாடு கிடையாது. ஆனால் சுமார் ஒரு லட்சம் பேர் இருக்கும் ஜெர்ஸி தீவு ஐரோப்பியச் சங்கத்தில் சேரக் கேட்டபோது, 2018-ல் முடியாது என்று ஓட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். நீங்கள் தனி நாடு இல்லையே என்பதுதான் காரணம்.

சார்க்குக்கு 19 போட்ட ஜிப்ரால்டரின் கதை இன்னும் ருசி. முதலில், அது தீவே இல்லை. ஸ்பெயினின் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாறை. தீவுகள் விழாவில் அதற்கு இடம் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். 'தனி நாட்டுக்கு மட்டும்' என்ற விதியை நீங்கள் போடுவதற்கு முன்பே, 1997-லேயே நாங்கள் மனு கொடுத்துவிட்டோம் என்று விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் வாதாடினார்கள். 2013-ல் ஐரோப்பியச் சங்கம், 2016-ல் ஃபிஃபா. மனு தேதியை வைத்து சீனியாரிட்டி ஜெயித்த கேஸ், நம்மூர் குமாஸ்தாவுக்குக்கூடப் புரியும். அப்படி உள்ளே போனவர்கள் 2023 நவம்பரில் பிரான்ஸிடம் 14 வாங்கினார்கள். அது புத்தகத்தில் ஏறிவிட்டது. சார்க்குக்குப் போட்ட 19 ஏறவில்லை.

16 போட்ட கிரீன்லாந்து இன்னும் வெளியேதான் நிற்கிறது. வட, மத்திய அமெரிக்கச் சங்கத்தில் சேர 2024-ல் மனு போட்டார்கள். 2025 ஜூனில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு ஊர் சாலை கிடையாது, படகும் விமானமும்தான். புல் முளைப்பதே சிரமம். தேசியச் சாம்பியன் போட்டியையே கோடையில் ஒரே வாரத்தில் நடத்தி முடித்துவிடும் தேசம் அது.

ஃபேரோ தீவுகளை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொல்லாப்பு. 1989-ல் தீவுகள் விழாவின் முதல் கால்பந்துக் கோப்பையை ஜெயித்தவர்கள். 1988-லேயே ஃபிஃபாவுக்குள் போய்விட்டார்கள். 1990 செப்டம்பர் 12, ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதல் மேட்ச். சொந்த ஊரில் தகுந்த புல் மைதானம் இல்லாததால் ஸ்வீடனில் ஆடினார்கள். கோல்கீப்பர் பாட்டி பின்னிக் கொடுத்த மாதிரி ஒரு கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு நின்றார். உலகக் கோப்பை ஆடிவிட்டு வந்திருந்த ஆஸ்திரியாவை 1-0 என்று ஜெயித்துவிட்டார்கள். உள்ளே விட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வெளியே நிற்பவர்கள் சும்மா இருக்கவில்லை. கோனிஃபா என்று தங்களுக்கென ஓர் அமைப்பு வைத்துக்கொண்டு 2014-ல் ஸ்வீடனின் ஆஸ்டர்சுண்டில் முதல் கோப்பையை நடத்தினார்கள். ஐல் ஆஃப் மேன் தீவின் டீம் பைனல் வரை வந்து பெனால்டியில் தோற்றது. அதே போட்டியில் தமிழீழம் என்ற பெயரோடும் ஒரு டீம் ஆடியது. புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகள். நம்மில் எத்தனை பேருக்கு அப்போது தெரிந்தது? பத்திரிகைக்காரன், எனக்கே தெரியாது.

சார்க்குக்குப் பக்கத்திலேயே ஆல்டர்னி என்று ஒரு தீவு இருக்கிறது. இரண்டாயிரம் பேர். கெர்ன்ஸி, ஜெர்ஸி, ஆல்டர்னி மூன்றும் மோதும் முராட்டி கோப்பை 1905-லிருந்து நடக்கிறது. இத்தனை வருடத்தில் ஆல்டர்னி கோப்பையைத் தூக்கியது ஒரே முறை. 1920-ல். அந்த மேட்ச்சைப் பார்த்தவர் யாரும் இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. ஜெயித்த கதையைச் சொல்லக் கேட்டவர்களும் தாத்தாவாகியிருப்பார்கள். அதற்கப்புறமும் ஆல்டர்னிக்காரர்கள் ஷூவை மாட்டிக்கொண்டு வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

இதையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, என் பழைய ரூம்மேட்டுக்கு போன் போட்டேன். இப்போது சொந்த ஊரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். வருடத்துக்கு ஒரு முறை பேசுவோம், பிள்ளைகளின் படிப்பு, சுகர் அளவு, அவ்வளவோடு சரி. எடுத்த எடுப்பில் சார்க் கதையைச் சொன்னேன். எழுபதா என்று வாய்விட்டுச் சிரித்தான். 'நாலாவது மேட்ச்சுக்கும் வந்தாங்களா?' என்று அவனும் அதைத்தான் கேட்டான்.

இத்தனை வருடம் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு எனக்கு வயிற்று வலியெல்லாம் ஒண்ணும் இல்லடா. தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்கென்ன இப்போ?"

"இல்லடா, எனக்குப் பதிலா நின்னு எட்டு கோல் வாங்கினே…"

"எட்டா? எவன் சொன்னான்? பதினொண்ணு."

நான் ஜன்னல் வழியாக எண்ணியதைச் சொன்னேன். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு கூச்சல், மொத்தம் எட்டு, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று சாதித்தேன்.

"கடைசி மூணுக்கு யாரும் கத்தலைடா" என்றான். "இருட்டிடுச்சு. கூட்டம் கிளம்பிப் போயிடுச்சு. நாங்க மட்டும்தான் இருந்தோம்."

அப்புறம் யாரோ பிரைமர் கேட்டு வந்திருக்கிறார்கள், நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.